பேன் வந்த வழி

அந்தக் குடியிருப்பில் அவளைப் பேன்காரி என்றுதான் சொல்வார்கள். முதுகுக்குப் பின்னால் தொடங்கிய பெயர். ஒருநாள் அவளே ஒரு வீட்டு மணியை அடித்து, "பேன்காரி வந்திருக்கேன், கதவைத் திறங்க" என்றாள். அதற்குப் பிறகு ரகசியமாகச் சொல்வதில் யாருக்கும் சுவை இல்லாமல் போய்விட்டது.

பல்கலைக்கழகத்துப் பூச்சி ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை. வீடு, பள்ளி, விடுதி என்று அலைந்து ஊரார் தலைகளிலிருந்து பேன் பிடித்து வரவேண்டும். கணவன் இறந்த புதிதில் சுவரையே பார்த்து உட்கார்ந்திருந்தவளை ஒரு தோழி இழுத்துக்கொண்டுபோய் அங்கே சேர்த்துவிட்டாள். அழுதுகொண்டே செய்ய முடியாத வேலை அது. கண்ணில் நீர் திரையிட்டால் பேன் தப்பிவிடும்.

பேனைப் பிடிப்பதைவிடப் பேன் இருப்பதை ஒப்புக்கொள்ள வைப்பதுதான் பெரும்பாடு. "எங்க வீட்டுலயா? பேனா?" என்று எல்லாத் தாய்மாரும் நெஞ்சில் கை வைப்பார்கள். பேன்காரி வாதாட மாட்டாள். எதிரே உட்கார்ந்து காதுக்குப் பின்னால் நிதானமாகத் தன் தலையைச் சொறிவாள். சற்று நேரத்தில் எதிரில் இருப்பவளின் விரலும் தானாகக் கொண்டைக்குள் போகும். "சும்மா ஒரு தடவை பார்த்துடலாமா?" என்பாள். பாதித் தலைகள் அப்படித்தான் அவள் மடிக்கு வந்து சேர்ந்தன. இதைப் படிப்பவர்கள் இப்போது எங்கே சொறிகிறார்கள் என்று நான் கேட்கப் போவதில்லை.

பிடித்த பேனை என்ன செய்வார்கள் என்று கேட்டுவிட்டால் போதும், அவளுக்கு உற்சாகம் பொங்கும்.

"துணியில இருக்கற பேன், தலைப்பேன்லேருந்து பிரிஞ்சு தனிக்குடித்தனம் போன சொந்தம். எப்பப் பிரிஞ்சுதுன்னு எங்க மேடம் கணக்குப் போடுவாங்க. மனுஷன் துணி உடுத்த ஆரம்பிச்ச காலம் சுமாரா அதுலேருந்து தெரியும். துணி இல்லாம குளிர் தேசத்துக்கு நடந்திருப்பானா? விறைச்சே போயிருப்பான். எந்தப் பக்கமா வந்தோம்னு மனுஷன் மறந்துட்டான். பேன் மறக்கல."

தலைப்பேனிலும் கிளைகள் உண்டு, தன்னைச் சுமந்த கூட்டத்தோடு ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் போயிருக்கிறது என்றும் சொல்வாள்.

மூன்றாம் மாடிக்கு ஒரு குடும்பம் வாடகைக்கு வந்தது. கணவன், மனைவி, பள்ளிக்குப் போகும் ஒரு பெண். தொலைவிலிருந்து வந்தவர்கள், பேச்சில் வேறொரு இழுப்பு. அவர்கள் சாமான் இறக்கிய அன்றே மாடிப்படி வளைவில் காதோடு காதாகப் பேச்சு தொடங்கிவிட்டது. பேன்காரியும் அதில் ஒரு காது. கொஞ்ச நாளில் எல்லாத் தலைகளும் அரிக்கத் தொடங்கின.

குடியிருப்போர் சங்கத்துச் செகரட்டரி அம்மா, புயலடித்தாலும் கொண்டை கலையாதவர். பேன்காரியை வளைவில் நிறுத்தினார்.

"எல்லாம் அந்த மூணாம் மாடிதான். ஞாயித்துக்கிழமை மீட்டிங்ல காலி பண்ணச் சொல்லப் போறேன். பேனைப் பத்தித் தெரிஞ்சவ நீ, ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"பார்க்காம எப்படிம்மா சொல்றது?"

"பார்க்க என்னடி இருக்கு? அந்தப் பொண்ணு சொறியறதை நானே பார்த்தேன்."

பேன்காரி மூன்றாம் மாடிக்கு ஏறினாள். அந்தத் தாய் வாசலிலேயே நின்று பேசினாள். "முன்னாடி இருந்த இடத்துலயும் இப்படித்தான் அனுப்பினாங்க, அக்கா. அதுலேருந்து பொண்ணு யார்கிட்டயும் பேசறதில்ல. இப்பதான் பள்ளிக்கூடத்துல ஒரு சிநேகிதி கிடைச்சிருக்கா. மறுபடியும் மூட்டை கட்டுன்னு நான் எப்படிச் சொல்வேன்?"

அந்தப் பெண்ணின் தலையில் பேன் இருக்கத்தான் இருந்தது. பேன்காரி எடுத்துக்கொண்டாள். பிறகு மற்ற வீடுகளிலும் எடுத்தாள். "உங்களுக்கு இருக்காதும்மா, இல்லைன்னு காட்டத்தான்" என்று சொல்லிச் செகரட்டரி அம்மாவின் கொண்டையிலிருந்தும் கொழுத்த ஒன்றை எடுத்தாள்.

மேடம் சோதித்துவிட்டு அவளை ஆய்வுக்கூடத்துக்குள் கூப்பிட்டார். "மூணாம் மாடியோடது தனிக் கிளை. மத்த எல்லாத் தலையிலயும் இருக்கறது வேறொரு கிளை. இந்த ஊர்ல அதை நாம துறைமுகத்துப் பெண்கள் விடுதியில மட்டும்தான் பார்த்திருக்கோம். உங்க குடியிருப்புலேருந்து அங்க யாரும் போய் வர்றாங்களா?"

"அங்க யாரு போவா?" என்று சிரித்தாள் பேன்காரி. சிரிப்பு பாதியில் நின்றது. கை காதுக்குப் பின்னால் போயிற்று, இம்முறை தொழிலுக்காக அல்ல. மேடம் மேசை விளக்கை அவள் தலைக்கு மேல் இழுத்தார்.

மூன்றாம் மாடி இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அப்படியானால் யார் என்ற கேள்வி வரும். பதில் கிடைக்காத கேள்வி திரும்பவும் மூன்றாம் மாடிக்குத்தான் படியேறும்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கூடியதும் பேன்காரி எழுந்தாள். "கொண்டுவந்தது நான்தான். விடுதிப் பொண்ணுங்க தலையிலேருந்து என் தலைக்கு. என் தலையிலேருந்து உங்க தலைக்கு. மேடம் சோதிச்சுப் பார்த்துட்டாங்க. மூணாம் மாடியில இந்தப் பேன் இல்ல."

நாற்காலிகள் பின்னுக்கு நகர்ந்தன. "அதெப்படி என் தலைக்கு வரும்?" என்று செகரட்டரி அம்மா சீறினார்.

"பேன் பறக்காதும்மா, குதிக்கவும் செய்யாது. தலையோட தலை ஒட்டினா நடந்து போகும். மாடிப்படி வளைவுல நாம காதோட காதாப் பேசிக்கிட்டோமே, மூணாம் மாடியைப் பத்தி? அப்ப வந்திருக்கும். அப்புறம் நீங்க யார் யார் காதுல சொன்னீங்களோ, அவங்களுக்கெல்லாம் போயிருக்கும்."

எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாருக்கு யார் சொன்னது என்று அவரவர் மனதில் ஒரு பாதை ஓடியது.

"அப்ப அவங்களுக்கு மட்டும் ஏன் இந்தப் பேன் வரலை?" என்றார் இரண்டாம் மாடிக்காரர்.

"அவங்ககூடத்தான் யாரும் பேசலையே."

"அப்படின்னா நீதான் காலி பண்ணணும்!" என்றது பின்வரிசைக் குரல் ஒன்று.

"எனக்குச் சொந்த வீடுங்க. நானும் என் பேனும் இங்கேயேதான்."

முதலில் சிரித்தது, அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மூன்றாம் மாடிப் பெண். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதற்குமேல் காலி பண்ணும் பேச்சை எடுக்க யாருக்கும் நாக்கு எழவில்லை.

பேன்காரி வீட்டுக்கு வீடு மருந்து கொடுத்தாள். முட்டை பொரிந்ததும் இன்னொரு முறை போடுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னாள். யாரும் போடவில்லை.

சில வாரம் கழித்துச் செகரட்டரி அம்மா அவள் வீட்டுக்குள் நுழைந்து, "கதவைச் சாத்து" என்றார். தரையில் உட்கார்ந்து தானே கொண்டையை அவிழ்த்தார். எடுத்ததை மேடம் பார்த்துவிட்டு, ஒரே தலையில் இரண்டு கிளைகள் என்றார். ஒன்று விடுதிக் கிளை. இன்னொன்று மூன்றாம் மாடிக் கிளை. முடிவு கேட்கச் செகரட்டரி அம்மா மறுபடியும் வந்து உட்கார்ந்தார்.

"இது எப்படிம்மா வந்துச்சு?" என்று பேன்காரி முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அந்த மூணாம் மாடிக்காரி போன்ல அவங்க ஊர்ப் படமெல்லாம் காட்டினா. சின்னப் போன். ரெண்டு பேரும் குனிஞ்சுதானே பார்க்கணும்?"

"சரி, மருந்து தரட்டுமா?"

செகரட்டரி அம்மா கொண்டையைத் தடவிக்கொண்டே எழுந்தார். "தா. இன்னைக்குச் சாயங்காலம் அவ வர்றேன்னிருக்கா. நாளைக்குப் போட்டுக்கறேன்."