மணிக்கட்டில் விழுந்த வெள்ளை

ஜெயராணி அத்தைக்குச் சிதம்பரத்தில் போட்ட ஊசியை நான் முதல் நாளிலிருந்தே நம்பவில்லை. ஊர் ஊராகச் சுற்றிவிட்டு 2009இல் கடலூர் திரும்பியிருந்தேன். டாக்டரிடம் போகத் துணைக்கு வா என்று அத்தைதான் கூப்பிட்டாள்.

மாமா இறந்ததிலிருந்து அவள் செம்மங்குப்பத்தில் ஒரு சாயப்பொடி கம்பெனியில் கான்ட்ராக்டில் மூட்டை கட்டுகிறாள். வலது முழங்கையில் வலி. அதே கையின் மணிக்கட்டில் தடித்துக் கறுத்த அரிப்பு. டாக்டர் மெல்லிய ஊசியால் வலித்த இடத்தைச் சுற்றியும் அரிப்பின் மேலும் பொட்டுப் பொட்டாகக் குத்தினார். தோலுக்கடியில் துளித்துளியாக மருந்து இறங்குமாம். என்ன மருந்து என்று கேட்டேன்.

“வீக்கத்துக்கு” என்றார். புட்டியின் பெயர் அவர் விரலுக்குள் மறைந்திருந்தது.

“எறும்பு கடிச்ச மாரிதான் இருக்கு. நீ ஏன்டி போலீஸ் மாரி பாக்குற?” என்றாள் அத்தை.

வலி போனது, அரிப்பும் போனது. என்னைத் தெருவெல்லாம் கேலி செய்தாள். ஆனால் சில வாரங்களில் அரிப்பிருந்த இடம் வெளுத்தது.

அந்தக் கம்பெனியில் பெண்கள் காலையில் கேட்டில், தொற்றுநோய் ஏதும் இல்லையென்று இரண்டு கையையும் நீட்டிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சூப்பர்வைசர் சடையப்பன் வெள்ளையைப் பார்த்துப் பின்வாங்கினாராம்.

“இன்னாக்கா இது, குஷ்டமா?”

“ஊசி போட்ட எடம், தம்பி.”

“ஊசி போட்டா கலர் போவுமா? யாருகிட்ட கத வுடுற? நாளைக்கும் இப்டியே இருந்தா வராத.”

சிலரைப் பர்மனென்ட் ஆக்கப்போகிற மாதம் அது. அடுத்தது தான்தான் என்று அத்தை நம்பியிருந்தாள்.

டாக்டருக்குப் போன் செய்தேன். மருந்து தங்கினால் நிறம் குறைவதுண்டு, மெதுவாகத் திரும்பிவிடும், மாதக்கணக்காகும் என்றார்.

“முன்னாடியே ஏன் சொல்லல?”

“சொன்னா பயந்துடுவாங்கம்மா.”

மறுநாள் காலை அத்தையின் மணிக்கட்டு மாநிறமாக இருந்தது. கையைப் பிடித்து முகர்ந்தேன். கம்பெனி நெடி. வேலைச் சட்டையில் ஒட்டிவந்த பழுப்புப் பொடியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசியிருந்தாள்.

“அரிப்பே இந்தப் பொடியாலதான் வந்துதோன்னு எனக்குச் சந்தேகம், அத்தை.”

“ஒனக்கு எதுலதான் சந்தேகம் இல்ல? டிபன் பாக்ஸ எடு.”

சடையப்பன் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லிப் பார்த்தாராம். நிறம் அசையவில்லை.

“நம்ம கம்பெனி சரக்குடி, லேசுல போவுமா?” என்று சாயங்காலம் சிரித்தாள். அவள் தினமும் பூசினாள். மாதம் முடிவதற்குள் பர்மனென்ட் ஆகிவிட்டாள்.

டாக்டர் முன்பே நாள் குறித்திருந்த அடுத்த ஊசிக்குப் போகும்போது பஸ்ஸில் முந்தானைக்குள் கையை விட்டுச் சொறிந்துகொண்டே வந்தாள். கேட்டதற்குக் கொசு என்றாள்.

டாக்டர் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். “அந்த வேலைய விடுங்கம்மா. இல்லன்னா திரும்பத் திரும்ப வரும்.”

“இப்பதான் டாக்டர் பர்மனென்ட் ஆச்சு” என்றாள் அத்தை. பிறகு, கேட்டில் காட்டுகிற பழக்கத்தில், இரண்டு கையையும் மேசைமேல் நீட்டினாள். பொடி குழைத்த இடது கை விரல்களும் தடித்திருந்தன.