தண்ணீருக்கு எதிராக வந்த சூடு

எழுபதுகளின் நடுப்பகுதி. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. தூத்துக்குடி கடற்கரையில் எங்கள் விசைப்படகைக் கரையேற்றி மராமத்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மத்தியானம் என் வீட்டுக்காரருக்குச் சோறு எடுத்துக்கொண்டு போனேன்.

படகில் எஞ்சின் அறைக்கும் முன்னறைக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர் உண்டு. எஞ்சினைக் குளிரவைக்கும் தண்ணீர், முன்னறையிலிருந்து அந்தச் சுவரைத் துளைத்துக்கொண்டு ஒரு செம்புக் குழாய் வழியாகப் போகும். நல்ல கனமான செம்பு. ஆனால் தண்ணீர் போகும் உள்துவாரத்தில் சுண்டுவிரல்கூட நுழையாது. எஞ்சின் பக்கம் அந்தக் குழாயைப் பிடித்திருந்த நட்டு, உப்பேறி அசைய மாட்டேன் என்றது. சூடு காட்டிக் கழற்ற ஒரு வெல்டரைக் கூட்டி வந்திருந்தார்கள்.

குழாய் சுவரில் நுழையும் இடத்தைப் பஞ்சும் குங்கிலியப் பிசினும் எண்ணெயும் வைத்து அடைத்திருந்தார்கள். அதைக் கலப்பத்து என்போம். முதலில் அதை எடுத்துவிடலாம், நெருப்புக்கு ஆகாது என்றார் வெல்டர். முந்தின நாள்தான் அடைத்தது, தொடவிட மாட்டேன் என்றார் என் வீட்டுக்காரர். பிடிவாதத்தில் அவரை அசைப்பதைவிட அந்த நட்டை அசைப்பது சுலபம். கடைசியில் இருவரும் ஒரு வழி கண்டார்கள். முன்னறையில் ஒரு டின்னில் கடல்தண்ணீரை வைத்து, குழாய்க்குள் ஓடவிட்டுக்கொண்டே சூடு காட்டுவது. எஞ்சின் பக்கம் தண்ணீர் நூல்போல ஒழுகியது. சூடெல்லாம் அதோடு வெளியே போய்விடும், உள்ளே வருகிற தண்ணீர் பச்சைத் தண்ணீர்தானே என்று எல்லோருக்கும் நிம்மதி. நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

நான் போனபோது வெல்டர் எஞ்சின் பக்கம் நெருப்பு காட்டிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் முன்னறைக்குள் குத்தவைத்து, சிந்திக் கிடந்த டீசலைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். மேல்தளத்தில், அந்தச் சுவரை ஒட்டி, ஒரு ஆள் மட்டும் நுழையும் வாசல் அது. மேலே வந்து சாப்பிடுங்கள் என்றேன். இங்கேயே கொடு என்று கையை நீட்டினார். குனிந்து தூக்குவாளியைக் கொடுத்தேன்.

எங்கள் வீடுகளில், படகுக்கு வரும் பெண்கள் அதன் மரத்தைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொள்ளாமல் திரும்ப மாட்டோம். வாசலில் குனிந்தபடியே சுவர்ப்பலகையைத் தொடக் கை நீட்டினேன். கை தவறிக் குழாயில் பட்டது. உள்ளங்கை பொரிந்துவிட்டது.

குழாய் சுடுகிறது என்று கத்தினேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஏளா, தண்ணி ஓடுதுல்லா, எப்படிச் சுடும்?"

அப்போதுதான் கவனித்தேன். குங்கிலியம் இளகிச் சுவரில் வழிந்துகொண்டிருந்தது. பஞ்சிலிருந்து புகை கசிந்தது.

"முதல்ல வெளிய வாங்க" என்று சட்டையைப் பிடித்து இழுத்தேன். சோற்றோடு ஏறி வந்தார். வந்து நிற்பதற்குள் பஞ்சு பற்றி டீசல் துணியில் விழுந்தது. வாசல் முழுக்க நெருப்பு. கரையில் நின்றவர்கள் மண்ணை அள்ளிக் கொட்டினார்கள், ஈரச் சாக்குகளைப் போட்டு அமுக்கினார்கள். சுவரும் இரண்டு பலகையும் போயின. இன்னும் இரண்டு வாய் சோறு அவர் உள்ளேயே சாப்பிட்டிருந்தால் என்ற நினைப்பில் மணலில் உட்கார்ந்து அழுதேன். பயத்தைவிட அவர்மேல் கோபம்தான் அதிகம்.

நெருப்பு அணைந்ததும் வெல்டர் கருகிய சுவரருகே குனிந்து குழாயைப் பார்த்தார். தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார்.

"தண்ணி அங்கன போச்சி. சூடு செம்பப் புடிச்சிட்டு இங்கன வந்திருக்கு. நம்ம தண்ணியத்தான பாத்தோம்."

யோசித்தால் அவ்வளவுதான். அந்த நூல் தண்ணீர் தன்னால் முடிந்த சூட்டைக் கொண்டுபோனது. கனத்த செம்பு மிச்சத்தைத் தண்ணீர் வந்த பக்கமாகவே ஏற்றிக்கொண்டு வந்துவிட்டது.  என் வீட்டுக்காரர் என் உள்ளங்கையை விரித்துப் பார்த்து ஊதிக்கொண்டே இருந்தார்.

இன்றும் வீட்டில் யாராவது நன்றாகச் சிரித்துப் பேசிக்கொண்டே எனக்கு ஒன்றுமில்லை என்று சொன்னால், அந்தப் பேச்சை மட்டும் நம்பி நான் எழுந்து போவதில்லை. பக்கத்தில் போய் ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நகர்கிறேன்.