கடைசி அறைக்கு வந்த சூடு

ஹல்துமுல்லைப் பக்கத்து மலைத் தேயிலைத் தோட்டமொன்றின் ஆஸ்பத்திரியில் அடுப்புக்கு விறகு போடுவது பேச்சாயியின் வேலை. யாரோ ஒரு மனசுள்ள துரை, அவர் மகராசனாக இருக்கட்டும், தரைச் சிமெந்துக்கு அடியில் குழாய் பதித்து வைத்துவிட்டுப் போயிருந்தார். பின்கட்டில் காயும் வெந்நீர் அதில் ஓடித் தரையைச் சூடாக்கும். முதலில் டாக்டரையாவின் அறை, அடுத்து வார்டு, கடைசியில் பிரசவ அறை. ஒவ்வொன்றுக்கும் தண்ணீரைத் திறந்து மூட ஒரு திருகு.

பேச்சாயிக்கு வாய் கொஞ்சம் நீளம். கங்காணியையே நிறுத்திவைத்துக் கேள்வி கேட்பாள். ஆனால் டாக்டரையா ஸ்ரீஸ்கந்தராஜாவின் முன்னால் மட்டும் அந்த வாய் கப்சிப். நிமோனியாவில் போகவிருந்த அவள் புருஷனை மீட்டுத் தந்தவர் அவர். அவருக்கு மூட்டுவாதம் வேறு. அதனால் அவர் அறைத் திருகை முழுக்கத் திறந்து வைத்திருப்பாள். அதுதான் அவளுக்குத் தெரிந்த மரியாதை.

எழுபத்திரண்டு மார்கழியில் அவள் மகள் செவனம்மா அந்தக் கடைசி அறையில் ஏழாம் மாசத்திலேயே பெற்றுவிட்டாள். பிள்ளை ஒரு கைக்குள் அடங்கிவிடும். மண்சரிவால் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குப் போகும் பாதையும் அடைபட்டுக் கிடந்தது.

"பிள்ளைக்குச் சூடு குறையக் கூடாது. இப்ப அதுதான் மருந்து," என்றார் டாக்டரையா.

சூடுதானே, தன் கையில் இருக்கும் காரியமாயிற்றே! அடுப்பை எரித்தாள் பாருங்கள், வார்டில் படுத்திருந்தவர்கள் கம்பளியை உதைத்துத் தள்ளிவிட்டார்கள். கடைசி அறைத் திருகைத் திறக்கிற மட்டும் திறந்தாள். ஆனால் அங்கே தரை சில்லென்றே கிடந்தது. பிள்ளையின் உதடு நீலம் பாரித்தது.

அப்போதுதான் அவளுக்குத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் குழாயடி ஞாபகம் வந்தது. மேல் லயத்தில் திறந்துவிட்டால் கீழ் லயத்துக்குச் சொட்டுத் தண்ணீர் வராது. கத்தி மூடச் சொன்னால்தான் வரும். வார்டுத் திருகைப் பாதி மூடினாள். கடைசி அறை கொஞ்சம் வெதுவெதுத்தது, போதவில்லை. மிச்சம் டாக்டரையாவின் அறைத் திருகு. கேட்காமல் அதில் கைவைக்க அவள் மனசு இடம் கொடுக்கவில்லை. கேட்கவோ, ஐயோ, நாக்கு எழவில்லை. ஆனாலும் பேத்தியின் முகம் அவளை உள்ளே தள்ளியது.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. ஒங்க அறைக் கொழாயக் கொறைச்சாத்தான் புள்ளைக்குச் சூடு போகுங்க."

அவர் பேனாவை வைத்தார். "இதை ஏன் முதலே சொல்லேல்லை?"

"ஒங்களுக்குக் கால் வலிக்குமேங்கய்யா."

"என்ர காலுக்குக் கம்பளி இருக்கு. வாங்கோ."

அவரே குனிந்து திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடினார். பேச்சாயி கடைசி அறையில் வெறுங்காலோடு நின்று, "இன்னும், இன்னுங்கய்யா!" என்று கத்தினாள். டாக்டரையாவிடம் அவள் குரல் உயர்ந்தது அன்றைக்குத்தான். கொஞ்ச நேரத்தில் உள்ளங்காலில் சூடு ஏற, பொலபொலவென்று அழுதுவிட்டாள்.

தை கழிந்து, கன்னம் வைத்த பேத்தியை மகள் லயத்துக்குத் தூக்கிப் போனாள். அன்றைக்கே பேச்சாயி டாக்டரையாவின் அறைத் திருகைத் திறக்கப் போனாள். அவர் மேலங்கியும் கழுத்துத் துண்டுமாக, கால்களைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அதை விடுங்கோ பேச்சாயி. கடைசி அறைக் கட்டிலுக்கு நாளைக்கு இன்னொருத்தி வருவாள்."