கறுப்பை மட்டும் பொறுக்கியவள்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன்; ஒருவனைக் கடல் கொண்டுபோனது. அதற்குச் சில வருஷம் கழித்து ராயபுரத்தில் பழைய துணிக்குப் பாத்திரம் கொடுத்துக்கொண்டிருந்தேன். வாரம்தோறும் ஒரு பெண் வந்து என் மூட்டையில் கறுப்பை மட்டும் பொறுக்குவாள். அவள் நீள கவுனில் குடைத்துணியும் வக்கீல் கோட்டின் கையும் சேர்த்துத் தைத்திருக்கும்.

"இன்னாம்மா, எழவு வூட்டுக்கா?"

"இங்கிலீஷ் பாட்டுக் கச்சேரிக்கு ஆயா. அங்க எல்லாரும் கறுப்புதான் போடுவாங்க."

மகனுக்காக ஒரு வருஷம் கட்டிய என் கறுப்புச் சேலை ஒருநாள் மூட்டையில் தவறிக் கலந்திருந்தது. அவள் எடுத்தாள்.

"அது வாணாம், எம்புள்ளைக்காகக் கட்டினது."

"பொட்டில வச்சா பூச்சிதான் துன்னும். குடு ஆயா, நான் போட்டுகினு ஆடறேன்."

கொடுத்துவிட்டேன். அடுத்த வாரம் அதைப் பாவாடையாக்கிச் சிரித்துக்கொண்டே வந்தாள். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கொடுத்தது சரியா, இன்னும் தெரியவில்லை.

ரீட்டா, உங்க ஆயா சொல்லச் சொல்ல நான் எழுதினது இது; அவங்களுக்கு வாசிச்சுக் காட்டு. அழுதேன்னு மட்டும் எழுதாதேன்னாங்க; எங்கனா எழுதிட்டனான்னு பாரு.