உமேஷ் கட்டிப் பார்த்த மயில்கழுத்துக் கடிகாரம்

உமேஷை ஓரிடத்தில் உட்கார வைப்பது அவனைப் பெற்றவர்களாலேயே ஆகாத காரியம். சொந்த ஊரான கௌதள்ளியில் அப்பா கெம்பையன் அவனை மக்காச்சோளக் காட்டுக்குக் காவல் வைத்துவிட்டு வீடு வந்து சேர்வதற்குள், பையன் வேறு குறுக்கு வழியில் ஓடி அவருக்கு முன்னால் வீட்டில் நிற்பான். "இவனுக்குக் காலுல சக்கரம்" என்று அம்மா லிங்கம்மா சொல்லிச் சொல்லி அலுத்து, பிறகு சொல்வதையே விட்டுவிட்டாள். மைசூருக்கு வந்தும் குணம் மாறவில்லை. கூரியர், செல்போன் கடை, மெஸ், கார் கழுவும் இடம் என்று தாவிக்கொண்டே இருந்தவன், தேவராஜ அரசு சாலையில் ஒரு விலையுயர்ந்த கடிகாரக் கடையில் விற்பனையாளனாகச் சேர்ந்த பிறகுதான் ஒரே இடத்தில் எட்டு வருடம் தாக்குப்பிடித்தான்.

தாக்குப்பிடித்தான் என்றால் அடங்கிவிட்டான் என்று நினைக்க வேண்டாம். கண்ணாடி மேசைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருப்பான். நின்றால் கால் ஆடும், வாயைத் திறந்தால் இரண்டு கையும் சேர்ந்து பேசும். வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு அவன் ஒரு கடிகாரத்தின் பெருமையை விளக்கும்போது, மேனேஜர் நஞ்சுண்டசாமி அந்தக் கடிகாரத்தின் மேல் வைத்த கண்ணை எடுக்கமாட்டார்.

போன வருடம் அந்தக் கடைக்குக் கோதா அம்மாள் வந்தார். அக்ரஹாரத்தில் வீடு. வங்கி வேலையிலிருந்து விருப்ப ஓய்வு பெற்றவர். கணவர் ரங்கராஜ் கல்லூரியில் விளையாட்டு ஆசிரியராக இருந்தவர், ஓட்டப் பந்தயங்களுக்கு நேரம் பிடிப்பதில் பேர்போனவர். அவருக்கு அறுபது நிறைகிற நாளில் கையில் கட்டிவிட, ஸ்டாப்வாட்சும் உள்ளேயே இருக்கிற நல்ல கடிகாரம் வேண்டும் என்றார். கன்னடத்தில் ஆரம்பித்த பேச்சு, இவன் தமிழன் என்று தெரிந்ததும் தமிழுக்குத் திரும்பிவிட்டது.

உமேஷ் ஒரு படத்தைக் காட்டினான். மயில்கழுத்து நிறத்தில் ஒரு குரோனோகிராஃப், ஸ்டாப்வாட்சும் சேர்ந்த கடிகாரம். பட்டுப்புடவையில்தான் அந்த நிறத்தைக் கோதா அம்மாள் பார்த்திருந்தார், கடிகாரத்தில் பார்த்ததில்லை.

"செராமிக்குங்கம்மா. நம்ம பானை மாதிரி சூளையில சுடறதுதான். ஆனா மாவு வேற, சூடு வேற. சாவிய வெச்சுக் கீறினாலும் கோடு விழாது, கல்லுல விழுந்தா மட்டும் போச்சு. இந்தக் கலர் சுட்டெடுக்கறதே பெரும்பாடு, அதனால ஒலகத்துக்கே எரநூறுதான் பண்ணியிருக்கறாங்க. பேட்டரி கெடையாது, சாவி குடுக்க வேண்டாம். கை அசைய அசைய உள்ள ஒரு தகடு சுத்தி, அதுவே முறுக்கேத்திக்கும். சார் கையில கட்டியிருந்தாலே போதுமுங்க."

"கை அசையலேன்னா?"

"நின்னுருமுங்க."

"எவ்வளவு அசையணும்?"

"சும்மா வீட்டுக்குள்ள நடமாடினாலே போதுமுங்கம்மா."

கோதா அம்மாள் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பதிவு பண்ணிடுங்கோ" என்றார். விலையைச் சொன்னபோது முகம் மாறவில்லை. எத்தனையோ பேருக்கு விற்றிருக்கிறான், அசையாத கையைப் பற்றி ஒருவரும் அவனிடம் கேட்டதில்லை. வங்கியில் இருந்தவர், எதையும் நாலு தடவை கேட்டுத்தான் வாங்குவார் என்று நினைத்துக்கொண்டான்.

கடிகாரம் பெங்களூருக்கு வந்துவிட்டது என்ற செய்தி கிடைத்ததும் அந்த அம்மாள் மறுபடி கடைக்கு வந்தார். இந்தத் தடவை ஒரு நிபந்தனையோடு.

"உமேஷ், அதை யாரும் கையில கட்டியிருக்கப்படாது. ஓடவும்படாது. நின்னபடியே வரணும். எங்காத்துக்கு வந்துதான் அது முதல்ல ஓடணும். பொறுப்பு உங்களோடது."

"என் கையே படாதுங்கம்மா" என்றான் உமேஷ்.

அவர் நம்பித் தலையாட்டிவிட்டுப் போனார். அவர் போன பிறகுதான் அந்த வார்த்தை அவனுக்குள் முள்ளாகக் குத்தியது. அவர் கேட்காததையும் சேர்த்து இவனேதான் சொன்னான், இருந்தும் குத்தியது. மேலுகோட்டை வழி வந்த வைஷ்ணவக் குடும்பம், மடி ஆசாரம் பார்க்கிறார்கள், அடுத்தவன் கை பட்டால் ஆகாது போலிருக்கிறது என்று தானாகவே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டான். அவன் போட்ட கணக்கில் உருப்படாமல் போனது அது ஒன்றுதான் என்று சொல்லமாட்டேன், ஆனால் அதைப்போல அவனைப் பாடாய்ப்படுத்தியது வேறெதுவும் இல்லை.

புதன்கிழமை கடையின் காரில் பெங்களூர் போய்ப் பெட்டியை வாங்கிக்கொண்டு திரும்பினான். ஓட்டியவன் தீபக். ராமநகரம் தாண்டும்வரை பெட்டி மடியில் சமர்த்தாக இருந்தது. அதற்குமேல் உமேஷால் முடியவில்லை. பார்ப்பதற்குத்தான் திறந்தான். எட்டு வருடமாக இப்படிப்பட்ட பொருள்களைக் கடை விளக்கிலேயே பார்த்தவன், வெயிலில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. ஜன்னல் வெளிச்சம் பட்டதும் அந்த நிறம் ஒரு பக்கம் நீலமாகவும் ஒரு பக்கம் பச்சையாகவும் புரண்டது.

'ஏன், கௌதள்ளிக்காரன் கையில இருந்தா இது ஓடாதா?' என்று தோன்றியது. அவ்வளவுதான், கட்டிக்கொண்டான். மேலே ஒட்டியிருந்த மெல்லிய தாளைக்கூடப் பிரிக்கவில்லை.

"சக்கத்தாகிதே சார்!" என்று கன்னடத்தில் மெச்சினான் தீபக், கண்ணாடியில் பார்த்து.

பாராட்டு கிடைத்தால் இவன் கை சும்மா இருக்குமா? ஜன்னலுக்கு வெளியே நீட்டினான். முழங்காலில் தாளம் போட்டான். கரும்பு விலையில் ஆரம்பித்து கிரிக்கெட் வரைக்கும் தீபக்கோடு இரண்டு கையாலும் பேசினான். ஸ்ரீரங்கப்பட்டணம் வந்ததும் கழற்றினான். பெட்டியில் வைக்கப் போகும்போதுதான் பார்த்தான். சின்ன விநாடி முள் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது.

வருகிறவர் போகிறவருக்கெல்லாம் எட்டு வருடமாக ஒப்பித்த பாடம், தன் கைக்கு வந்தபோது மறந்துபோயிற்று. வேறொருவன் கையாக இருந்தால் அந்த வழிப்பயணத்துக்கு அரை நாள் ஓடி நின்றிருக்கும். இவன் கை ஆயிற்றே, முழுசாக முறுக்கேற்றியிருந்தது. இனி மூன்று நாள் ஓடும். அறுபது நிறைகிற விழா சனிக்கிழமை காலை.

அதன் பிறகு அவன் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. நேரம் திருத்துகிற திருகை வெளியே இழுத்தால் கடிகாரம் நிற்கும், உள்ளே தள்ளினால் ஏறிய முறுக்கு மறுபடி ஓட்டும். தானாக அடங்குவதைத் தவிர வேறு வழியில்லை. வியாழக்கிழமை ஏதோ சாக்குச் சொல்லிக் கடையின் இரும்புப் பெட்டியைத் திறந்து பார்த்தான். ஓடியது. மத்தியானம் வேறொரு சாக்கு. ஓடியது. "என்ரா, அதுக்குள்ள முட்டை கிட்டை வெச்சிருக்கியா?" என்று நஞ்சுண்டசாமி கேட்டார். வெள்ளிக்கிழமையும் ஓடியது. ஸ்டாப்வாட்சை ஓடவிட்டால் முறுக்குச் சீக்கிரம் தீரும் என்று தோன்ற, பக்கத்துப் பொத்தானை அழுத்தி, அதற்கான பெரிய முள்ளையும் ஓடவிட்டுப் பெட்டியை மூடினான். வீட்டில் மனைவி வினிதா சோறு போட்டுவிட்டுப் பார்த்தால், தட்டு அப்படியே இருக்கிறது, ஆள் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடக்கிறான்.

வேலை போய்விடுமோ என்ற பயம் இருந்தது, இல்லாமல் என்ன. ஆனால் அதைவிட அதிகமாக அவனை அரித்தது வேறு. 'என் கையே படாதுங்கம்மா' என்றபோது அந்த அம்மாள் மறுபேச்சில்லாமல் தலையாட்டினாரே, அந்தத் தலையாட்டல்தான். 'நின்னுரு சாமி, நின்னுரு' என்று கண்ணில் பட்ட கோயிலுக்கெல்லாம் வேண்டிக்கொண்டான். கடிகாரம் விற்கிறவன் கடிகாரம் நிற்க வேண்டிக்கொண்டது மைசூரில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

சனிக்கிழமை காலை பெட்டியை எடுத்துக்கொண்டு அக்ரஹாரத்துக்குப் போனான். வழியில் திறந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. கோயிலில் அர்ச்சனை முடிந்து எல்லாரும் வீடு திரும்பியிருந்தார்கள். கூட்டமில்லை, நெருங்கிய உறவினர் சிலர்தான். கூடத்தில் சாய்வு நாற்காலியில் புது வேஷ்டி கட்டி ரங்கராஜ் உட்கார்ந்திருந்தார். உயரமான, அகன்ற தோள்காரர். அவருடைய இடது கை மடியில், மடித்த துண்டின் மேல் கிடந்தது. யாரோ அங்கே வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி கிடந்தது.

"வாங்கோ உமேஷ், நல்ல நேரம் ஆரம்பிச்சாச்சு" என்று கோதா அம்மாள் பெட்டியை வாங்கிப் பெருமாள் படத்துக்கு முன்னால் வைத்தார். சேவித்தார். திறந்தார்.

சின்ன முள் ஓடிக்கொண்டிருந்தது. அது போதாதென்று, வெள்ளிக்கிழமை அழுத்திவிட்டு நிறுத்த மறந்த பெரிய முள்ளும் வெட்கமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

ரங்கராஜ் எட்டிப் பார்த்தார். "என்னடி இது, ரேஸ் நடக்கறதே! யாரு ஓடறா?"

கோதா அம்மாள் நிமிர்ந்தார். உமேஷைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் உமேஷ் வழக்கத்துக்கு மாறாகக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

"நான்தானுங்கம்மா. கார்ல வர்றப்ப கட்டிப் பாத்துட்டேன். நீங்க மடி ஆசாரத்துக்காகச் சொல்றீங்கன்னு நெனச்சேன். மனசு கேக்கலீங்க. தப்புத்தானுங்க."

"மடியா?" என்றார் கோதா அம்மாள். "மடியா பார்த்தேன் நான்? இவர் கையைப் பாருங்கோ, உமேஷ். பக்கவாதம் வந்து ரெண்டு வருஷமாறது. அசைச்சா வந்துடும்னு டாக்டர் தலையால அடிச்சுண்டு சொல்றார். இவர் அசைக்கமாட்டேங்கறார். எதுக்கு அசைக்கணும், யாருக்கு அசைக்கணும்னு உட்கார்ந்துண்டிருக்கார். ஆனா ஓடற கடியாரம் நின்னா மட்டும் இவருக்குப் பொறுக்காது. அதான் இதை வாங்கினேன். நின்னது வந்து, இவர் கையால ஓடணும்னு இருந்தேன். இப்போ இதுக்குள்ள ஓடிண்டிருக்கறது உங்க கை."

எட்டு வருடத்தில் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டோம், ஆளைப் பார்த்ததும் எடைபோட்டுவிடுவோம் என்று இருந்த உமேஷ், இந்த அம்மாளை எவ்வளவு சின்னத்தனமாக எடைபோட்டுவிட்டோம் என்று கூனிப்போனான்.

"எடுத்துட்டுப் போயிடறேனுங்க. பணத்தத் திருப்பச் சொல்லி..."

"இரும்" என்றார் ரங்கராஜ். அவருக்கும் இந்த ஏற்பாடு இப்போதுதான் தெரியும். மனைவியை ஒரு பார்வை பார்த்தார், அதில் கோபமும் இருந்தது, பிடிபட்டவனின் சங்கடமும் இருந்தது. பிறகு மைதானத்தில் நிற்பவரைப்போலக் குரலை உயர்த்தினார். "ஆயித்து. ஃபால்ஸ் ஸ்டார்ட். விசிலுக்கு முன்னாடியே ஓடியாச்சு. எல்லாரும் திரும்பிக் கோட்டுக்குப் போங்கோ."

கோதா அம்மாளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நல்ல நேரம் போயிடுமே?"

"போனா போறது. அது நிக்கட்டும், நின்னப்புறம் பார்க்கலாம்." உமேஷைப் பார்த்து வலது கையால் எதிர் நாற்காலியைக் காட்டினார். "நீரும் உட்காரும். அதைத் தொடக்கூடாது."

கடிகாரத்தை ஒரு தட்டில் வைத்து நடுவில் வைத்தார்கள். உமேஷ் உட்கார்ந்தான். அவன் வாழ்க்கையில் அப்படி உட்கார்ந்ததில்லை. புளியோதரை வந்தது, அக்காரவடிசல் வந்தது, உறவினர்கள் ஒவ்வொருவராக விடைபெற்றார்கள். கடையிலிருந்து போன் அடித்தது, எடுக்கவில்லை. கால் ஆட ஆரம்பிக்கும், தட்டு அதிரும், ரங்கராஜ் முறைப்பார், காலை அமுக்கிக்கொள்வான். இவன் கொடுத்த முறுக்கு முழுசும் தீர்கிறவரைக்கும் இவனையே பார்க்க வைத்தார் மனிதர். வாத்தியார் வாத்தியார்தான்.

மத்தியான வெயில் கூடத்துக்குள் வந்தபோது பெரிய முள் தயங்கியது. இரண்டு முறை துடித்துவிட்டு நின்றது. சின்ன முள்ளும் நின்றது.

"நின்னுருச்சுங்க" என்றான் உமேஷ், மெல்ல.

ரங்கராஜ் வலது கட்டைவிரலால் பொத்தானை அழுத்திப் பெரிய முள்ளைத் தொடக்கத்துக்குக் கொண்டுபோனார். கோதா அம்மாள் தாளைப் பிரித்துவிட்டு, துண்டின் மேல் கிடந்த இடது கையில் கடிகாரத்தைக் கட்டினார். மயில்கழுத்து நிறம் அந்தக் கையில் எடுப்பாக இருந்தது.

ரங்கராஜ் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முதலில் தோள்தான் ஏறியது. நெற்றியில் நரம்பு புடைத்தது. கை துண்டை விட்டு ஒரு விரற்கடை எழும்பித் தொப்பென்று விழுந்தது. முள் அசையவில்லை. மறுபடி. அசையவில்லை. கோதா அம்மாள் புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டார். பிடித்துத் தூக்கிவிடலாமா என்று உமேஷின் கை இரண்டும் தவித்தன.

இன்னொரு முறை கை எழும்பி விழுந்தபோது சின்ன முள் கிளம்பியது. நாலைந்து விநாடி போயிற்று. நின்றுவிட்டது.

"சோம்பேறி!" என்று ரங்கராஜ் அதைத் திட்டினார். தன்னிடம் ஓடக் கற்ற பையன்களை ஒரு காலத்தில் அப்படித்தான் திட்டியிருப்பார். மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி கையைத் தூக்கினார்.

போன் திரும்ப அடித்தது. உமேஷ் எடுக்கவில்லை. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டு, அந்த முள்ளையே பார்த்தபடி ஆடாமல் உட்கார்ந்திருந்தான்.