எல்லாரையும் சேர்த்த குரூப்

கணவரை விட்டு வந்து செம்பாக்கத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியேறியதும் நான் முதலில் செய்த காரியம் போன் நம்பரை மாற்றியதுதான். புது நம்பர் அம்மாவுக்கும் ஆபீசுக்கும் மட்டும். அந்த மனிதர் கை நீட்டியதில்லை. ஆனால் எங்கே இருக்கிறாய், யாரோடு பேசுகிறாய் என்று மூச்சுக்கு மூச்சு கேட்பார். போதும்டா சாமி என்று ஆகிவிட்டது.

தாம்பரத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டர் ஆட்கள் கூடிப் பேசுவார்கள். யார் வேண்டுமானாலும் வரலாம், கட்டணம் கிடையாது. பல வருஷத்துக்குப் பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அங்கேதான். வீட்டுக்காரர் என்ன பண்றார் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. நான் எழுதிய புரோகிராம் ஏன் ஓடவில்லை என்றுதான் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அந்தச் சந்தோஷத்தை என்னவென்று சொல்ல!

வருகிறவர்கள் பட்டியலைக் கட்டட வாட்ச்மேனிடம் கொடுக்க வேண்டும் என்று கூட்டத்தில் நம்பர் கேட்டார்கள். கொடுத்தேன். ஒரு நாள் பார்த்தால், கூட்டம் நடத்துகிற தம்பி, போட்டோ அனுப்புவதற்காக எங்கள் எல்லாரையும் ஒரே வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்துவிட்டிருந்தார். பதறிப்போய்க் கூப்பிட்டேன்.

"என்னக்கா, எல்லாம் நம்ம பசங்கதானே! இதுக்குப் போய் டென்ஷன் ஆவறீங்களே."

காரணத்தைச் சொல்லாமலே போனை வைத்துவிட்டேன். அந்த நம்ம பசங்களில் ஒருவர் என் கணவரின் சிநேகிதர். சாயங்காலமே கணவரிடமிருந்து மெசேஜ்: "மீட்டிங்குக்கெல்லாம் போறியாமே?"

கூட்டம் நடக்கிற இடமும் குரூப்பிலேயே இருந்தது. அடுத்த மாதம் அந்தக் கட்டடத்தின் படிக்கட்டுக்குக் கீழே கணவர் நின்றுகொண்டிருந்தார். ரோட்டைத் தாண்டாமலே திரும்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். நம்பரை மறுபடி மாற்றினேன். கூட்டத்துக்குப் போவது அதோடு நின்றது.

போன மாதம் தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் அந்தத் தம்பியே எதிரே வந்தார்.

"அக்கா! ஏன் வர்றதே இல்ல? உங்களுக்குத் தெரிஞ்சவராம், ஒரு சார் மாசா மாசம் வர்றாரு. தங்கமான மனுஷன்க்கா. சேரெல்லாம் அவர்தான் எடுத்துப் போடறாரு."

"வேலை ஜாஸ்திப்பா," என்றேன்.

"நம்பர் மாத்திட்டீங்களா? புதுசு குடுங்கக்கா. அந்த சார் கேட்டுக்கிட்டே இருக்காரு." நம்பரைக் குறித்துக்கொள்ளச் சிரித்த முகமாகப் போனை எடுத்தார்.

பக்கத்தில் ஒரு பஸ் புறப்பட்டுக்கொண்டிருந்தது. எந்த ஊர் பஸ் என்றுகூடப் பார்க்கவில்லை. ஏறிவிட்டேன்.