டீச்சர் எழுத மறுத்த வாக்கியம்

ஸ்டெல்லா டீச்சர் இறந்த செய்தியை நானே படித்தேன். பேத்தியின் பள்ளிப் பேருந்துக்காகத் தெருமுனையில் நின்றபோது, அவருடைய மகள் என் கைபேசிக்குத் தமிழில் அனுப்பியிருந்தார்: "அம்மா இன்று காலை காலமானார்." முழு வரியையும் படித்துவிட்டேன் என்றுதான் முதலில் மகிழ்ந்தேன். அதன் பிறகே பொருள் உறைத்தது. அவர் வீடு ரூட் ஒன் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம்தான். நடந்து கடக்க வழியில்லை. மகன் வேலையிலிருந்து வரும்வரை சன்னலருகே நின்றேன்.

மான்மவுத் ஜங்ஷன் நூலகத்தில் அவரிடம் படித்த உங்களுக்கு அவரைத் தெரியும். தூத்துக்குடியில் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்று, பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இங்கே அமெரிக்காவுக்கு வந்தவர். படிக்காத முதியவர்களான நமக்கு அரிச்சுவடி வைக்கவில்லை. நாம் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அவர் பெரிய எழுத்தில் எழுதுவார். அதையே நாம் படிக்க வேண்டும். "உங்க வாயில வந்தது உங்க கண்ணுக்கு அந்நியமா?" என்பார்.

நான் கோவில்பட்டி நூற்பாலையில் பஞ்சுப் பொதி பிரித்தவன். "மெஷின் வந்தது, உலகம் பணக்காரன் ஆனது" என்று ஒருநாள் சொன்னேன். எழுதினார். படித்தேன்.

"நல்லாப் படிச்சீங்க அண்ணாச்சி. ஆனா மெஷினுக்கு அப்போ பஞ்சைத் தீனியாப் போட்டது யாரு?"

"வெள்ளைக்காரன்தான்."

"அவன் எந்தக் காட்டுல குனிஞ்சு பறிச்சான்?"

அன்றுதான் கேள்விப்பட்டேன். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்டவர்களும் அவர்கள் பிள்ளைகளும் பறித்த பஞ்சு, இந்த நாட்டின் வடக்கிலும் கடலுக்கு அப்பால் இங்கிலாந்திலும் ஆலைகளை ஓட்டியதாம். அதற்கு முன்பே கரும்புத் தோட்டங்கள். அந்த மனிதர்களையே ஈடாக எழுதிக்கொடுத்து முதலாளிகள் கடன் வாங்கினார்கள்; அந்தக் கடனில் இன்னும் நிலம், இன்னும் மனிதர்கள். கப்பல்காரர், காப்பீட்டுக்காரர், தரகர் எல்லோர் கையிலும் லாபம் ஒட்டியது.

"முதலாளிக்குச் சாமர்த்தியமே இல்லையா டீச்சர்?"

"இருந்துச்சு. அதை மட்டும் சொன்னா பாதிக் கதை."

பொதி பிரித்த காலமெல்லாம் பஞ்சு எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டதே இல்லை.

போன பனிக்காலத்தில் பல நாள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. கார் ஓட்டத் தெரியாது, பாஷை தெரியாது, வாசலெல்லாம் பனி. வகுப்புக்கு வந்ததும், "நான் மகன் வீட்டில் அடிமை" என்றேன்.

பக்கத்தில் இருந்த கமலம்மா சிரித்தார். "மருமக ஆத்திக் குடுக்கிற காப்பியக் குடிக்கிற அடிமையா?"

டீச்சர் சிரிக்கவில்லை. பேனாவை மூடினார். "இதை எழுத மாட்டேன்."

"பொய்யா சொல்றேன்?"

"நீங்க அடைஞ்சு கெடக்கிறது நிஜம். நீங்க இருக்கிறதால அவங்களுக்கு டேகேர் செலவு மிச்சம், அதுவும் நிஜம். ஆனா உங்கள யாரும் விக்க முடியாது. உங்க பேத்தியப் பிடுங்கி இன்னொருத்தனுக்கு விக்க முடியாது. அந்தச் சொல்லு அன்னிக்குப் பஞ்சு பறிச்சவங்க பட்டது. உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க, எழுதுறேன்."

ஊருக்குப் போக வேண்டும். கமலம்மா காதில் விழாமல் அதை டீச்சரிடம் மட்டும் சொன்னேன். என் மகன் ஆசையோடு அழைத்து வந்தவன்.

"மகன்கிட்டக் கேட்டீங்களா?"

"இல்ல."

"நானும் என் மகள்கிட்டக் கேக்கல அண்ணாச்சி" என்றார், மெதுவாக.

கேட்காமலேயே போய்விட்டார். தூத்துக்குடிக் கடற்காற்று வாங்கியவரை இங்கே உறைந்த மண்ணில் அடக்கம் செய்தோம். திரும்பும்போது காரில் சொன்னேன்: "தம்பி, நான் ஊருக்குப் போகணும். அங்கேயே இருக்கணும்."

"என்னப்பா திடீர்னு? கிரீன் கார்டு போயிடும்பா. பாப்பாவ ஸ்கூல் பஸ்ல இருந்து யார் பிக்கப் பண்ணுவா?"

"தெரியலப்பா. ஆனா போகணும்."

அவனிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. அதே சன்னலருகே உட்கார்ந்துதான் இதை எழுத்து எழுத்தாக எழுதுகிறேன். டீச்சர் எனக்கு விட்டுப்போனது அந்த மறுப்பு. என் வேதனைக்கு இன்னொருவர் வேதனையின் பெயரை நான் இனி வைக்க மாட்டேன். எனக்கு வேண்டியதை என் வாயால் கேட்பேன், நாளைக் காலையிலும்.